சரி என்றொரு பொத்தான்

கடலூர் முதுநகர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில்
கணக்கு எழுதும் அமலோற்பவம்
போன ஐப்பசியில் ஒரு வட்டை அழித்தார்.
விரல் அவருடையது,
சாளரம் நான் எழுதியது.

டீசல் மானியப் பட்டியலைப் பென்டிரைவில் ஏற்றவேண்டும்,
பென்டிரைவ் நிரம்பிக் கிடந்தது,
துடைக்கலாம் என்று என் கருவியைத் திறந்திருக்கிறார்.
உள்ளே இரண்டு வட்டுகள்,
இரண்டுக்கும் ஒரே சாம்பல் படம்.
எஸ்டிபி, எஸ்டிசி என்று
இன்ஷியல் மட்டும் உள்ள இரண்டு அநாமதேயங்கள்.
நுணுக்கி நுணுக்கி ஏழு வரியில் ஓர் எச்சரிக்கை.
அடியில் சரி. பக்கத்தில் ரத்து.

அவர் சரி என்றார்.

யாரிடம்தான் நாம் சரி என்று சொல்வதில்லை?
சிலிண்டர் நாளைக்கு என்றால் சரி.
சில்லறை இறங்கும்போது என்றால் சரி.
போனை வைக்குமுன் மூன்று தடவை
சரி, சரி, சரி.
அதில் சம்மதம் ஏது,
கதவைச் சாத்துகிற சத்தம் அது.
இந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தும்
அந்நியப் பொத்தானின் அளவுக்கு
ஒரு சொல்லைத் தைத்து மாட்டியிருந்தேன்.

"என் மேலதாங்க தப்பு" என்றார், நான் போய் நின்றதும்.
என்னைவிட நான்கு வயது இளையவர்.
மூன்று வருடத்து டீசல்,
நூற்றுப் பன்னிரண்டு படகு.
கறுப்புத் திரையைத் திறந்து
மிச்சம் மீதியைத் துழாவ ஆரம்பித்தேன்.
என் கட்டளைகளை அவர் பார்க்கவில்லை.
ஜன்னல் வழியே துறைமுகக் கம்பத்தைப் பார்த்து,
"மூணு ஏத்திட்டாங்க" என்றார், யாருக்குமில்லாமல்.

மூன்றாம் எண் கூண்டு.
காற்றழுத்தம் எத்தனை மில்லிபார்,
தாழ்வு மண்டலம் எந்த அட்சரேகையில்,
இந்தத் தெருவில் யாரும் கேட்கவில்லை.
ஒரு கம்பம், அதில் ஒரு கூண்டு.
படகுகள் உப்பனாற்றுக்குள் நெருக்கியடித்து நின்றன.

எண்பத்தொன்பது படகு மீண்டது.
மீதியை ரசீதுக் கட்டிலிருந்து
மழைக்குள் உட்கார்ந்து இருவரும் தட்டச்சினோம்.
அப்போதுதான் கேட்டார்:
வட்டை 'ஏற்று' 'இறக்கு' என்கிறீர்களே,
என்ன, ஐஸ் பெட்டியா?
கட்டு, அவிழ் என்று போடுங்கள்.
அவிழ்க்காமல் இழுத்தால் கயிறு அறும் என்று
இங்கே எல்லாருக்கும் தெரியும்.

மூலநிரலின் பொறுப்பாளர்
பனி பெய்யும் ஏதோ ஊர்க்காரர், நல்ல மனிதர், எழுதினார்:
தெரிந்தவருக்குக் கட்டளை வரி போதும்,
தெரியாதவர் கையில் வேர்ச்சாவி எதற்கு?
உரிமத்தில் சுதந்திரம் என்று
பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோமே, என்று
ஒரு பக்கம் பதில் எழுதினேன்.
அனுப்பாமல் நிரலை மட்டும் அனுப்பினேன்.

இப்போது பென்டிரைவ் பென்டிரைவ் மாதிரி இருக்கிறது.
பெரிய வட்டு இரும்புப் பெட்டி.
அதன் மேல்:
சங்கக் கணக்கு, மூன்று வருடம்,
கடைசியாக எழுதியது நேற்று மாலை நாலே முக்கால்.
சரி என்ற பொத்தான் இல்லை.
அந்த இடத்தில்
'இந்தக் கணக்கை அழி'.

தையில் ஒரு நாள், நகல் வட்டு ஒன்றை மாட்டி
அவரிடமே கொடுத்தேன், எதுவும் சொல்லாமல்.
அழுத்தப் போன விரல் நின்றது.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
சுட்டெலியை விட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.
"இது இல்லீங்களே" என்றார்.

ஆயிரத்து எண்ணூறு வரி எழுதியது
அந்த நான்கு வினாடிக்கு.

கிளம்பும்போது
எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார்,
சாயங்காலம் கண் கூசுகிறதாம்.
சரி என்றேன்.

இரண்டு மாதம் ஆகிறது.
இன்னும் பெரிதாக்கவில்லை.